நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பம்

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களை வரிசையாக நிறுத்தி டேப் பிடித்து அளந்தால் ஒரு வினோதம் புலப்படும். இப்போதைய ஹூண்டாய் ஐ20-இன் நீளம் 3995 மில்லிமீட்டர். மாருதி டிசையர் 3995. டாடா நெக்ஸான் 3995. இரண்டாம் தலைமுறை ஹோண்டா அமேஸும் அதே 3995. கொரியாவிலும் ஜப்பானிலும் இந்தியாவிலும் தனித்தனியே உட்கார்ந்து படம் வரைந்த பொறியாளர்கள், நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் இருக்கும்போது ஒன்றுபோலக் கையை நிறுத்தியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தாலும் இதே கதைதான்: பெட்ரோல் இன்ஜின்கள் 1197 சி.சி., 1199 சி.சி. என்று 1200-க்கு ஒட்டினாற்போல நிற்கின்றன. இயற்பியல் போட்ட எல்லையல்ல இது. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய காருக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். இதற்குள் அடங்கும் காருக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும், 2025 செப்டம்பரில் சிறிய கார்களின் வரி விகிதம் 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியபோதும் நான்கு மீட்டர் கோடு அப்படியே இருந்தது. 2008-இல் 4160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த டிசையர், 2012-இல் டிக்கியைக் குறுக்கிக்கொண்டு 3995-இல் மறுபிறவி எடுத்தது. ஐ20 ஐரோப்பாவில் நான்கு மீட்டரைத் தாண்டி நீள்கிறது, இந்தியாவில் தாண்டுவதில்லை.

ஒரு நாட்டின் சட்டம் நினைத்தால் காரின் உடம்பை மில்லிமீட்டர் கணக்கில் செதுக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. அப்படியானால், மோதலுக்குப் பிறகு காருக்குள் இருப்பவர்கள் உயிரோடு இறங்குவார்களா என்ற கேள்வியையும் சட்டம் அதே கண்டிப்போடு கேட்டிருக்கலாம். நெடுங்காலம் கேட்கவில்லை. கேட்காததால் என்ன நடந்தது, கேட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டுக்கும் விடை காஞ்சிபுரத்துப் பக்கத்திலேயே இருக்கிறது. முசரவாக்கம் போன்ற தறிச் சத்தம் கேட்கும் ஊர்களிலிருந்து சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பிறகு இருங்காட்டுக்கோட்டை. தெற்கே திரும்பினால் ஒரகடம். உலகின் பல நாடுகளில் குடும்பங்கள் ஏறிப்போகும் சிறிய கார்கள் இந்தச் சில மைல்களுக்குள் பிறந்திருக்கின்றன.

தொடக்கம் சான்ட்ரோ. 1996-இல் பதிவான ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி, 1998 செப்டம்பர் 23 அன்று அந்தக் காரை அறிமுகப்படுத்தியது. அதன் மூலம் கொரியாவில் 1997-இல் வந்த ஏடோஸ். ஏடோஸின் நீளம் 3495 மில்லிமீட்டர், அகலம் 1495. கொரியச் சட்டம் அன்று சலுகை பெறும் சிற்றுந்துக்கு விதித்திருந்த எல்லை 3500-க்கு 1500. இங்கேயும் அதே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி! நீளவும் விடாமல் அகலவும் விடாமல் சட்டம் கட்டிப்போட்டதால், வடிவமைப்பாளர்களுக்கு மிஞ்சிய ஒரே திசை மேலே. அதனால்தான் சான்ட்ரோ ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. பலர் அந்த உருவத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள், ஆனால் அதற்குள் நல்ல அறிவியல் இருந்தது. தரையில் காலை நீட்டி உட்கார்பவருக்கு வேண்டிய நீளத்தில் ஏறக்குறையப் பாதிதான் நாற்காலியில் உட்கார்பவருக்குத் தேவைப்படும். இருக்கையை உயர்த்தினால் முழங்கால் மடிந்து பாதம் கீழே இறங்கிவிடும், முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையே சில அங்குலம் மிச்சமாகும். இடுப்பு உயரத்தில் இருக்கை அமைவதால், மூட்டுவலிக்காரப் பாட்டி குனிந்து விழாமல் ஏறலாம், பட்டுப்புடவை கட்டியவர் கசங்காமல் இறங்கலாம். சக்கரங்களைக் காரின் நான்கு மூலைக்கும் தள்ளியதால், மூன்றரை மீட்டர் வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2380 மில்லிமீட்டர் கிடைத்தது. குடும்பம் உட்காரும் இடம் அதுதான். கொரியச் சட்டம் போட்ட கட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான காரில் இந்தியக் குடும்பத்துக்குத் தோதான அறையாக முடிந்தது.

சான்ட்ரோவின் இன்னொரு பலம் இன்ஜினில் இருந்தது. 999 சி.சி., நான்கு சிலிண்டர், கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறை. அன்று ஊரெங்கும் ஓடிய மாருதி 800-இல் கார்புரேட்டர்தான். இந்த வேறுபாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் வாதத்துக்கு இது முன்னுதாரணம். பெட்ரோல் புகையில் மூன்று நச்சுகள் முக்கியமானவை: கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டையும் அழிக்க ஆக்சிஜன் வேண்டும், மூன்றாவதை அழிக்க ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். வினையூக்கி மாற்றி இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டுமென்றால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. காற்றின் உறிஞ்சலை மட்டும் நம்பிப் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தைக் காக்க இயலாது. புகையில் உள்ள ஆக்சிஜனை ஓர் உணரி அளந்து சொல்ல, அதைக் கேட்டு நொடிக்கு நொடி அளவைத் திருத்தும் மின்னணு ஊசியால்தான் முடியும். இந்தத் தொழில்நுட்பம் உலகில் ஏற்கெனவே இருந்தது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தில்லித் தலைநகர்ப் பகுதியில் அந்த ஆண்டு ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 என்று கெடு வைத்தது. 2000-இல் மாருதி 800-க்கே எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. விலை ஏறிவிடும், ஏழைக்குக் கார் எட்டாது என்ற கவலை அப்போதும் எழுந்தது. ஆனால் இன்று எந்தக் கார் ஷோரூமிலும் கார்புரேட்டர் கிடையாது, அதற்காக யாரும் வருந்துவதும் இல்லை.

இனி உலக விற்பனை. 2007 அக்டோபர் 31 அன்று ஐ10 அறிமுகமானது. தில்லியில் திரை விலகிய அந்தக் கார், உலகச் சந்தை முழுவதற்கும் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாரானது. 2008 பிப்ரவரியில் இரண்டாவது ஆலை திறந்தது, ஆண்டுக்கு ஆறு லட்சம் கார் என்று திறன் உயர்ந்தது. பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான முதல் ஐ20-உம் சென்னைத் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 2010 பிப்ரவரியில் ஏற்றுமதி பத்து லட்சத்தைத் தொட்டது, 2020 தொடக்கத்தில் முப்பது லட்சம். ஒரகடத்தில் 2010-இல் திறந்த ரெனோ-நிசான் ஆலையிலிருந்து நிசான் மைக்ரா எண்ணூர் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குப் போனது. இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்க ஸ்டியரிங், குளிர்நாட்டுக்கு ஒன்று, வெயில்நாட்டுக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். இதைச் சாதித்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைத்திறன் குறித்துப் பெருமைப்பட எல்லா நியாயமும் உண்டு. மோதல் பரிசோதனைக் கூடத்தில் அந்தத் திறமைக்குச் சான்றும் கிடைத்தது. 2008-இல் ஐரோப்பாவின் மோதல் பரிசோதனை அமைப்பான யூரோ என்கேப் பரிசோதித்த ஐ10 பெரியவர்களின் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. 2009-இல் ஐ20 ஐந்து பெற்றது. 2010-இல் மைக்ரா நான்கு.

உள்நாட்டில் கதை வேறு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் ஆரம்ப விலை மாடல்களை, யூரோ என்கேப்பைப் போலவே மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவைத்தது. மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் பூஜ்யம். எதிலும் ஏர்பேக் இல்லை. ஆல்ட்டோ, நானோ, ஐ10 ஆகிய மூன்றின் உடற்கூடே போதாது என்றும் அறிக்கை சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் நிசானின் டாட்சன் கோ. ஒரகடத்து ஆலையில், மைக்ரா எந்த அடித்தளத்தில் உருவானதோ அதே அடித்தளத்தில் உருவான கார் இது. பூஜ்யம் மட்டுமல்ல, உடற்கூடு அந்த அளவுக்கு நொறுங்கியதால் ஏர்பேக் வைத்தாலும் பயன் இராது என்றது குளோபல் என்கேப். அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, இந்தக் காரை விற்பதை நிறுத்துங்கள் என்று நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார். ஒரே ஆலை, ஒரே அடித்தளம். கப்பலேறிய காருக்கு நான்கு நட்சத்திரம், உள்ளூரில் விற்றதற்குப் பூஜ்யம். தொழிலாளிக்குத் திறமை இல்லையா? பொறியாளருக்கு அறிவு இல்லையா? எஃகு கிடைக்கவில்லையா? எல்லாம் இருந்தது. வாங்குபவரின் நாட்டில் கேட்க ஒரு விதி இருந்ததா என்பது மட்டுமே வேறுபாடு.

சிறிய காரில் எப்படியும் பாதுகாப்பு இருக்காது, அது இயற்பியல் என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் ஏறத்தாழ 158 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. மோதும்போது அந்த ஆற்றல் முழுவதையும் ஏதோ ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பகுதி 60 சென்டிமீட்டர் மடங்கி நின்றால், உள்ளே இருப்பவர் உணரும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 27 மடங்கு. ஒரு மீட்டர் மடங்கக்கூடிய பெரிய காரில் 16 மடங்கு. ஆக, சிறிய கார் பின்தங்கியே தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் 27 மடங்கு என்பது, சில நூறில் ஒரு பங்கு நொடி மட்டும் நீடித்து, சீட் பெல்ட்டின் வழியே மார்பிலும் இடுப்பிலும் பரவி இறங்கினால், உடல் தாங்கிவிடக்கூடிய அளவுதான். பெல்ட் இல்லாதவருக்கு இந்த 60 சென்டிமீட்டரின் பலன் கிடைப்பதே இல்லை. கார் நின்றுகொண்டிருக்கும்போது அவர் பழைய வேகத்திலேயே முன்னே பறந்து, ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ நாலைந்து சென்டிமீட்டரில் நிற்கிறார். அங்கே எதிர்முடுக்கம் முன்னூறு மடங்கைத் தாண்டும். ஏர்பேக்கின் வேலை, பெல்ட் பிடித்த பிறகும் முன்னே வீசப்படும் தலைக்கு நிற்பதற்கான தூரத்தைக் கொடுப்பது. உடற்கூட்டின் வேலை, ஆட்கள் இருக்கும் அறை மட்டும் சுருங்காமல் பார்த்துக்கொள்வது. முன்னால் மடங்க வேண்டியது மடங்கி, கதவுத் தூண்கள் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஏறத்தாழ 900 டிகிரி வரை சூடாக்கி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிர்வித்து எடுக்கும் போரான் எஃகு, சாதாரண எஃகைப் போலப் பல மடங்கு வலிமை கொண்டது. நீளத்தில் இழந்ததை அது உறுதியில் மீட்டுத் தருகிறது. 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றபோது, நான்கு மீட்டருக்குள் பாதுகாப்பு சாத்தியமே என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது. டாடா பஞ்ச் அதைவிடக் குட்டை, 3827 மில்லிமீட்டர்தான். அதற்கும் ஐந்து. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எதிரே வருவது லாரி என்றால் எத்தனை நட்சத்திரமும் முழு உத்தரவாதம் தராது. இந்த மதிப்பெண்கள் ஏறத்தாழ ஒரே எடையுள்ள வண்டிகளுக்கு இடையே ஒப்பிடத்தான் உதவும்.

அடுத்த மறுப்பு கனமானது, எளிதில் தள்ளிவிடக் கூடாதது. நம் நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஏர்பேக் கட்டாயம், மோதல் பரிசோதனை கட்டாயம் என்று விலையை ஏற்றினால், பைக்கிலிருந்து காருக்கு மாற நினைக்கும் குடும்பம் பைக்கிலேயே தங்கிவிடும், அதனால் சாவு கூடத்தான் செய்யும் என்பது வாதம். ஆறு ஏர்பேக் கட்டாயமாகும் என்ற பேச்சு 2022-இல் எழுந்தபோது மாருதி சுசுகியின் தலைவர் ஆர்.சி. பார்கவா சிறிய கார் சந்தை நலிந்துவிடும் என்று எதிர்த்தார். அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. முசரவாக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரே பைக்கில் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதத்தின் நியாயம் புரியும். பலவீனமான கார்கூடப் பைக்கைவிட மேல்தான்.

ஆனால் விலையைத் தீர்மானிப்பது ஏர்பேக் மட்டும்தானா? காரின் ஆன்-ரோடு விலையில் பெரும் பங்கு வரி. நீளத்தையும் சி.சி.யையும் அளந்து வரியை ஏற்றி இறக்கும் அரசு, பாதுகாப்பை அளந்தும் அதைச் செய்யலாம். நான்கு மீட்டருக்குள் இருந்தால் 18 சதவீதம் என்று சொல்லும்போதே, நான்கு மீட்டருக்குள் இருந்து நான்கு நட்சத்திரமும் பெற்றால் இன்னும் குறைவு என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்படிச் சொன்ன மறுநாளே, 4160-ஐ 3995 ஆக்கிய அதே கைகள் கதவுத் தூணை உறுதியாக்க உட்கார்ந்துவிடும். மேலும், விலை குறைவென்றால் மட்டும் மக்கள் ஓடிவந்து வாங்குவார்கள் என்பதையும் அனுபவம் பொய்யாக்கியிருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் கார் என்ற முழக்கத்தோடு 2009-இல் விற்பனைக்கு வந்த நானோ 2018-இல் நின்றுபோனது. பூஜ்யம் வாங்கிய டாட்சன் என்ற பெயர் 2022-இல் இந்தியச் சந்தையிலிருந்தே மறைந்தது. ஐந்து நட்சத்திரப் பஞ்ச், 2024-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற காராக முதலிடம் பிடித்தது. அதற்கு நட்சத்திரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பு விற்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நம் ஊரில் யார் 64-இல் மோதப்போகிறார்கள், கிராமத்துச் சாலையில் 40-க்கு மேல் போக முடியுமா என்றும் கேட்கிறார்கள். முசரவாக்கத்துத் தெருவுக்கு அது பொருந்தலாம். ஆனால் அங்கிருந்து புறப்படும் கார், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறிய சில நிமிடங்களில் எண்பதைத் தொட்டுவிடுகிறது. 64-இல் தடுப்பில் மோதும் பரிசோதனை, ஒரே மாதிரியான இரண்டு கார்கள் எதிரெதிரே ஆளுக்கு 64-ஐவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் வந்து இடிப்பதற்கு ஏறத்தாழச் சமம். அது மிகையான கற்பனை அல்ல, எந்த இருவழிச் சாலையிலும் நடக்கக்கூடியது.

சட்டம் விழித்துக்கொண்ட வரலாறு சுருக்கமானது. புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபர் முதலும் எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபர் முதலும் மோதல் பரிசோதனை கட்டாயமானது. 2019 ஜூலையில் ஓட்டுநருக்கு ஏர்பேக், 2021-இல் பக்கத்து இருக்கைக்கும். நல்ல அடி. ஆனால் கட்டாயப் பரிசோதனையின் வேகம் 56 கி.மீ.தான். எட்டு கி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 64-இல் உடற்கூடு விழுங்க வேண்டிய ஆற்றல் 56-ஐவிட 30 சதவீதத்துக்கும் மேல் அதிகம். ஒன்றில் தேறிய கார் மற்றதில் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் 64-இல்தான் மோதிப் பார்க்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது, குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம் தருகிறது. அதில் ஒரே குறை, காரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அனுப்பாததும் நிறுவனத்தின் விருப்பம். மோதல் பரிசோதனைக் கூடம் ஒரகடத்திலேயே, உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக் என்று தானாகவே அறிவித்தது. அரசு தயங்கிக் கைவிட்டதை ஒரு நிறுவனமே செய்ய முடிந்திருக்கிறது என்றால், செய்ய முடியாது என்ற சாக்கு இனி எடுபடாது. பாரத் என்கேப் விருப்பத் தேர்வாக இருப்பதை நிறுத்தி, விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் கட்டாயமாக்க வேண்டும். வரிச் சலுகையை நீளத்தோடு நட்சத்திரத்துக்கும் முடிச்சுப் போட வேண்டும்.

அதுவரை, கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதுதான் என் வேண்டுகோள். மைலேஜ் எவ்வளவு, மறுவிற்பனை விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கு, டாப் மாடலுக்கு அல்ல, எத்தனை நட்சத்திரம் என்று ஷோரூமில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்த ஷோரூமுக்குப் போங்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, பின்னிருக்கையில் உட்காரும் பாட்டிக்கும் பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், குழந்தையை மடியில் வைக்காமல் அதற்கான தனி இருக்கையில் வையுங்கள்.